ரோடு தண்ணீருக்குள் போனால் பயப்படாதீர்கள்: பின்லாந்தின் சைமா ஏரியைச் சுற்றி நான்கு நாள் கார் பயணம்

எஸ்போவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போன ஜூனில் போயிருந்தோம். வந்தது வந்தோம், ஏரிப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம். தமிழில் தேடினால் "பின்லாந்தில் ஏரிகள் அதிகம்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அதிகம்தான், 1,88,000 ஏரிகளாம். ஆனால் அவற்றுக்கு நடுவில் கார் ஓட்டுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நானே தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். விசா, விமான டிக்கெட் பற்றியெல்லாம் இங்கே இருக்காது.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியது

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும். நம் ஊர் அசல் உரிமம் கூடவே இருந்தால்தான் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு, அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வாடகைக்குக் கார் எடுக்கும்போது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாகவே கேளுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் மூளை அதற்கே சரியாகிவிடும், வலது கையால் கியரையும் தேட வேண்டாம். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான இருக்கை கட்டாயம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 2: எந்த வழி?

நாங்கள் போன வழி இது: ஹெல்சிங்கி, லப்பேன்ராந்தா, இமாத்ரா, புமாலா, சுல்காவா, சவோன்லின்னா, புங்கஹார்யு, பாரிக்கலா, பிறகு 6ஆம் எண் சாலையைப் பிடித்துத் திரும்ப ஹெல்சிங்கி. மொத்தம் 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின், மூன்று இரவு. ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று தம்பி சொன்னான். ஓட்டலாம், ஆனால் அப்புறம் எதற்குப் போக வேண்டும்?

இமாத்ராவிலிருந்து சவோன்லின்னாவுக்கு 6, 14 என்று பெரிய சாலைகளைப் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம், மேப்பும் அதைத்தான் காட்டும். கேட்காதீர்கள். 62ஆம் எண் சாலையில் புமாலா பக்கம் திரும்புங்கள். சைமா 4,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி என்றாலும் ஒரே நீர்ப்பரப்பாக எங்கேயும் தெரியாது. 13,000க்கும் மேல் தீவுகள். ரோடு ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகும், இடமும் தண்ணீர், வலமும் தண்ணீர், நடுவில் பைன் மரங்கள். லீத்வேசி பகுதியில் நாலு இடத்தில் வண்டியை நிறுத்தினோம். புமாலாவில் 1995இல் கட்டிய உயரமான பாலம் ஒன்று இருக்கிறது, படகுத்துறையிலிருந்து பாலத்தின் மேலே போக லிஃப்ட் உண்டு, மேலே காபிக் கடையும் உண்டு. பாலத்துக்கு லிஃப்ட் வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படி 3: லோஸ்ஸி (இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிளம்பும் முன் போன் மேப்பில் "சுங்கச் சாலை தவிர்", "படகு தவிர்" என்று இரண்டையும் தட்டி வைத்தேன். படகு என்றால் காசு, முன்பதிவு, வரிசை என்று நினைப்பு. புமாலா பக்கத் தீவு ஒன்றில் குடில் எடுத்திருந்தோம். மேப் காட்டிய வழியிலேயே போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம். தார் ரோடு மண் ரோடாச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு, எதிரே ஒரு வண்டி இல்லை. குடிலுக்குச் சொந்தக்காரர் போன் செய்து "எங்கே இருக்கிறீர்கள்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏன் லோஸ்ஸியில் வரவில்லை?" என்றார்.

லோஸ்ஸி என்பது மஞ்சள் நிறத்தில் தட்டையாக இருக்கும் ஒரு மிதவை. இரு கரைக்கும் நடுவில் கட்டிய இரும்புக் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு போகும், வரும். சில நிமிடம்தான். முக்கியமான விஷயம், அதற்குக் கட்டணம் கிடையாது. அரசாங்கக் கணக்கில் அது ரோட்டின் ஒரு துண்டு, பாலம் கட்டாத இடத்தில் மிதக்கும் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "படகு தவிர்" என்று தட்டினால் மேப் அந்த ரோட்டையே இல்லை என்று நினைத்து ஊரைச் சுற்ற வைக்கும். ஆகவே முதல் வேலை, அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள்.

மறுநாள் ஒழுங்காக லோஸ்ஸி வழியிலேயே போனோம். பின் இருக்கையிலிருந்து என் பையன், "அப்பா, ரோடு தண்ணிக்குள்ள போகுது, நிறுத்துங்க!" என்று கத்தினான். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும், தார் ரோடு நேராகச் சரிந்து ஏரிக்குள் இறங்கும். என்ன செய்ய வேண்டும் என்றால்:

கரையில் தடுப்புக்கட்டைக்கு முன்னால் நிறுத்தக்கோடு இருக்கும். அங்கே நின்றுவிடுங்கள். மிதவை அக்கரையில் இருந்தால் உங்களைப் பார்த்துவிட்டு வரும், சில இடங்களில் அழைப்புப் பொத்தானும் உண்டு. எதிரே வரும் வண்டிகள் எல்லாம் இறங்கி, கட்டை தூக்கி, விளக்கு பச்சையான பிறகு மெதுவாக ஏறுங்கள். முதல் வண்டி என்றால் முன்னால் கடைசி வரை போக வேண்டும், பாதியில் நின்றால் பின்னால் வருபவருக்கு இடம் இருக்காது (நான் நின்றேன், ஓட்டுநர் கையை ஆட்டி ஆட்டி முன்னால் வரச் சொன்னார்). கைப்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். அவ்வளவுதான். நான் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் கொடுக்க யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை, அக்கரை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகள் வரிசையைத் தாண்டிப் போகும், சண்டைக்குப் போகாதீர்கள். இரவில் சில லோஸ்ஸிகளுக்கு இடைவேளை உண்டு, நேரம் கரையிலேயே பலகையில் எழுதியிருக்கும்.

*பிற்சேர்க்கை:* பின்னூட்டத்தில் ஒருவர், சுல்காவா பக்கம் வேகரன்சல்மி லோஸ்ஸியைத் தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். கிடைக்காது, 2019இலேயே அங்கே பாலம் வந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். புமாலாவில் ஹாத்தின்விர்த்தா லோஸ்ஸி இருக்கிறது, அதில் ஏறி ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஓட்டும்போது

முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ஊருக்குள் 50, வெளியே பலகை இல்லாத இடத்தில் 80. கேமரா நிறைய. 20 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மாட்டினால் அபராதம் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது, பணக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கட்டிய கதைகள் அந்த ஊரில் ரொம்பப் பிரபலம்.

மூஸ் மான் படம் போட்ட மஞ்சள் பலகையை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரி இல்லை, மாட்டை விடப் பெரியது, கால் நீளம். மோதினால் உடம்பு நேராகக் கண்ணாடி மேல் விழும். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் நடமாட்டம். ஜூனில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருப்பதால் அந்தி எது என்றே நமக்குத் தெரியாது, அதனால் எட்டரைக்கு மேல் ஓட்டுவதில்லை என்று என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். நல்ல சட்டம். மோதிவிட்டால் 112க்கு அழைக்க வேண்டும்.

படி 5: பார்க்கிங் வட்டு

நீல நிறத்தில் கடிகாரம் மாதிரி ஓர் அட்டை. வண்டியில் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள், இல்லையென்றால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும். பலகையில் இந்த வட்டின் படமும் "2 h" மாதிரி அளவும் இருந்தால், வந்த நேரத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் 10.10க்கு வந்து 10.10 என்று துல்லியமாக வைத்தேன். தேவையே இல்லை. அடுத்த அரை மணியோ முழு மணியோ, எது முதலில் வருகிறதோ அதை வைக்கலாம், அதாவது 10.30. சும்மா கிடைக்கும் இருபது நிமிடத்தை விடுவானேன்?

பலகையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நேரம் சனிக்கிழமைக்கு. சிவப்பு எழுத்து ஞாயிறுக்கு. இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை அபராதச் சீட்டு வாங்கினேன்.

படி 6: எங்கே நிற்பது, என்ன சாப்பிடுவது

சவோன்லின்னாவில் ஓலவின்லின்னா கோட்டை. 1475இல் கட்டத் தொடங்கியது, ஏரி நடுவில் பாறை மேல் நிற்கிறது. ஜூலையில் கோட்டைக்குள் ஓபெரா விழா நடக்கும், அப்போது அறை வாடகை ஏறிவிடும், இசையில் ஆர்வம் இல்லாதவர்கள் ஜூனில் போங்கள். சந்தைத் திடலில் லோர்ட்சி சாப்பிடுங்கள், பாதி நிலா வடிவில் பொரித்தது, பார்க்க நம் சோமாசிக்கு அண்ணன். இறைச்சி வைத்ததும் உண்டு, ஆப்பிள் வைத்ததும் உண்டு, சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். முயிக்கு என்ற பொடிமீன் வறுவல் நெத்திலி வறுவலுக்குப் பக்கத்தில் வரும், மிளகாய்ப்பொடி கையில் எடுத்துப் போங்கள்.

புங்கஹார்யுவில் ஒரு தவறு எளிதில் நடக்கும். பனியாறு உருகியபோது விட்டுப்போன மணல்மேடு, ஏழு கிலோமீட்டர் நீளம், இரு பக்கமும் ஏரி. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் 14ஆம் எண் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது, அதிலேயே போனால் "இதுதானா?" என்று தோன்றும். மேட்டின் முதுகில் போகும் பழைய சாலைக்குத் திரும்ப வேண்டும். அதில் மெதுவாகப் போங்கள்.

திரும்பும் வழியில் பாரிக்கலாவில் சாலையோரம் ஒரு சிலைப் பூங்கா. காகித ஆலையில் வேலை பார்த்த வேய்யோ ரொங்கொனன் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்தில் தனியாளாகச் செய்த ஐநூறுக்கும் மேற்பட்ட கான்கிரீட் சிலைகள். அவற்றில் நிறைய அவரே யோகாசனம் செய்கிற மாதிரி! ஃபின்லாந்துக் காட்டுக்குள் திடீரென்று சிரசாசனம். என் பையன் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, தம்பியின் மகளையும் கெடுத்துவிட்டான்.

இன்னும் இரண்டு பிற்சேர்க்கை

ஜூன் 20க்கும் 26க்கும் நடுவில் வரும் சனிக்கிழமை யுஹன்னுஸ் பண்டிகை. நம் பொங்கல் மாதிரி நகரமே காலியாகி எல்லோரும் ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விடுவார்கள், வெள்ளிக்கிழமை மதியமே பல கடைகள் மூடிவிடும். முந்தின நாளே அரிசி, பருப்பு, பால் வாங்கிவிடுங்கள்.

கிராமத்துப் பெட்ரோல் பங்குகள் பலவற்றில் ஆள் இருக்கமாட்டார்கள், கார்டு மட்டும்தான். நீங்கள் இருபது யூரோவுக்குப் போட்டாலும் முதலில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைத்துவிட்டு அப்புறம் விடுவிக்கும். கார்டில் காசு குறைவாக இருந்தால் பம்ப் ஓடாது. ஒரு வாசகர் இப்படி மாட்டிக்கொண்டு எழுதியிருந்தார். அவரே சொன்ன இன்னொன்று: இமாத்ரா பக்கம் ரஷ்ய எல்லை நெருக்கம், போன் தானாக அந்தப் பக்கத்து நெட்வொர்க்கைப் பிடித்துவிடும், ரோமிங் பில் எகிறும். இமாத்ராவுக்கு வரும் முன்பே நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள், மேப்பையும் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். இறக்கும்போது அந்த "படகு தவிர்" இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.