ஆவாரம்பூவை அடையாளம் காண்பது எப்படி? பூவுக்கு முன் இலையடியைப் பாருங்கள்

பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்டுக்காக ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறித்துவர முதன்முதலாகக் காட்டுக்குப் போன ஆண்டில், மஞ்சளாகக் கண்ணில் பட்ட முதல் செடியையே ஒடித்து வந்து திண்ணையில் வைத்தேன். அப்பத்தா பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாரு சாமி, ஆவாரைக்கு இந்த நாத்தம் அடிக்குமா?" என்று கேட்டார். நான் கொண்டு வந்திருந்தது பேயாவரை.

ஆவாரை, பேயாவரை, தகரை, மஞ்சள் கொன்றை ஆகிய எல்லாமே சென்னா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஐந்து மஞ்சள் இதழ்கள் இவை அனைத்துக்கும் பொது என்பதால், நிறத்தை மட்டும் நம்பினால் தவறு நேரும். உலர்ந்த ஆவாரம்பூவைப் பலரும் கொதிக்கவைத்துக் குடிக்கிற இக்காலத்தில் இதைச் சிறிய தவறென்று தள்ளிவிட முடியாது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பேயாவரையின் விதையைத் தின்ற குழந்தைகள், கல்லீரலும் மூளையும் தசைகளும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள்.

முதற்படியாக, செடியைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஆவாரை வறண்ட தரிசிலும் செம்மண் மேட்டிலும் சாலையோரத்திலும் அடியிலிருந்தே பல கிளைகள் விட்டுப் புதராக வளரும். பெரும்பாலும் இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை இருக்கும். கிளை கட்டையாக, பழுப்புப் பட்டையோடு இருக்க வேண்டும். தோல் பதனிடுவோர் நெடுங்காலம் பயன்படுத்திய ஆவாரம்பட்டை இதுதான். தண்டு பச்சையாகவும் இளசாகவும் இருக்கிற, ஒரு மழைக்காலத்தில் முளைத்து வளர்ந்த பூண்டு என்று தோன்றினால் அது தகரையாகவோ பேயாவரையாகவோ இருக்கக்கூடும். அடிமரம் திரண்டு நிழல் தரும் மரமாக நின்றால் அது ஆவாரை அன்று.

அடுத்ததாக, முழு இலை ஒன்றைத் தேர்ந்து சிற்றிலைகளை எண்ணுங்கள். ஒரே காம்பின் இருபுறமும் அடுக்கியுள்ள அனைத்தும் சேர்ந்ததே ஓர் இலை என்பதைத் தொடக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆவாரையில் பெரும்பாலும் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீளத்தில், மழுங்கிய நுனியோடு காணப்படும். தகரைக்கு மூன்றே இணை. பேயாவரைக்குப் பெரும்பாலும் நான்கைந்து இணைகளும் கூரிய நுனியும் உண்டு.

மூன்றாவது படிதான் ஐயத்தைத் தீர்ப்பது. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், காம்பின் இருபுறமும் காதுமடல் போன்ற அகன்ற பச்சைச் செதில்கள் ஆவாரையில் இருக்கும். இவற்றை இலையடிச்செதில் என்பார்கள். பிற சென்னாச் செடிகள் பலவற்றில் இச்செதில்கள் சிறுத்து, விரைவில் உதிர்ந்தும் போகும். ஆவாரையிலோ அவை உதிராமல் கிளை நெடுகத் தெரியும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்குச் சூட்டிய 'ஆரிகுலேட்டா' என்னும் பெயருக்குக் காதுடையது என்றே பொருள். இலையைக் கிள்ளாமலேயே கிளையைச் சற்று வளைத்து இதைப் பார்த்துவிடலாம். பிறகு இலையின் நடுக்காம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிற்றிலைகள் இணையும் இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வோர் இணைக்கும் நடுவே ஊசிமுனை போன்ற சிறு சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பேயாவரையில் காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பிதான் உண்டு. சாலையோர மஞ்சள் கொன்றையில் சுரப்பியே இல்லை. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் சிறிய கைலென்ஸ் போதும்.

இப்போது பூவுக்கு வரலாம். விரிந்த பூ நான்கைந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இதழ்களின் ஓரம் சுருங்கியும், அவற்றில் ஆரஞ்சு நிற நரம்புகள் ஓடியும் காணப்படும். உள்ளே பத்து மகரந்தத்தாள்கள் உண்டு. மேலே உள்ள மூன்றும் சிறுத்து மலடாக இருக்க, கீழே உள்ளவை நீண்டு வளைந்திருக்கும். காலையில் சிறிது நேரம் அசையாமல் நின்றால், கருத்த தச்சன் வண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிடுவதைக் காணலாம். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனித் துளை வழியே தூளை உதிர்க்கவே வண்டு அப்படி அதிர்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

பூ இல்லாத செடியிலும் காய் இருக்கலாம். அதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவாரங்காய் தட்டையானது, காகிதம் போல் மெல்லியது, ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ளது. உள்ளே விதைகள் இருக்கும் இடம் மேலேயே புடைத்துத் தெரியும். தகரையின் காய் ஊசி போல் நீண்டிருப்பதால்தான் அதற்கு ஊசித்தகரை என்ற பெயர் வந்தது.

கடைசியாகப் படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முழுச் செடி, முழு இலை, இலையடிச்செதில், காய் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, இடத்தையும் நாளையும் எழுதிவையுங்கள். ஆவிரை, ஆவாரை, ஆவரசு என ஊருக்கு ஊர் பெயர் மாறுவதோடு, பேயாவரையைப் பொன்னாவிரை என்று அழைக்கும் ஊர்களும் இருப்பதால், அந்த ஊரார் சொல்லும் பெயரையும் அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.