மாரத்தானுக்குப் பணம் திரட்டும்போது நான் செய்ததைச் செய்யாதீர்கள்

போன வாரம் லோயர் பரேலில் எங்கள் ஆபீஸ் பேன்ட்ரிக்கு டீ எடுக்கப் போனால், மெஷின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஜனவரி மாரத்தானில் ஓடப்போகும் ஒரு சின்னப் பெண், மாதுங்காக்காரி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, தன் சொந்த ஜிபே கியூஆர் கோடை அச்சடித்து, அடியில் ‘குழந்தைகளின் படிப்புக்காக’ என்று அழகாக எழுதி ஒட்டியிருக்கிறாள். எனக்கு டீ இறங்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அதே காரியத்தை நான் செய்தேன், இன்னும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியது. வழக்கமாக ஜனவரி மூன்றாம் ஞாயிறு. பழைய மில் வளாகங்களுக்குள் இருக்கும் விளம்பரக் கம்பெனி, டிசைன் ஸ்டுடியோக்களில் தீபாவளி முடிந்த கையோடு இந்த ஜுரம் வந்துவிடும்: ஆளுக்கொரு தொண்டு நிறுவனம், ஆளுக்கொரு இலக்கு. புது ஷூ போட்டு ஓடாதே, முந்தின ராத்திரி பிரியாணி சாப்பிடாதே என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், நான் சொல்லப்போவதில்லை.

போஸ்டரிலேயே மூழ்கிப்போவது

இது எங்களைப் போன்றவர்களுக்கே உரிய வியாதி. ஒரு வருஷம் எங்கள் டீம் எழுத்துரு தேர்ந்தெடுக்க மட்டும் பத்து நாள் எடுத்துக்கொண்டது, நீலம் கடல் நீலமா மாநகராட்சி நீலமா என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை, கடைசியில் போஸ்டர் அச்சாகி வந்தபோது அதில் பணம் கட்டும் லிங்க்கையே காணோம். போஸ்டரைப் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. நீங்கள் போன் பண்ணிக் கேட்டால் கொடுப்பார்கள்.

உங்கள் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவது

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2019 ஜனவரி ஓட்டத்துக்காக, சாயங்காலப் பள்ளி நடத்தும் ஒரு சின்ன அமைப்புக்குப் பணம் திரட்டினேன். அவர்களுடைய இணையப் பக்கத்தில் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் கேட்கும். இரண்டு நண்பர்கள் “இதெல்லாம் யாருடி நிரப்புறது, உனக்கே அனுப்பிடறேன்” என்றார்கள். எனக்கும் அது சுலபமாகப் பட்டது. வாட்ஸ்அப்பில் என் நம்பரைப் போட்டேன். நாற்பத்தொரு பேர், 1,38,500 ரூபாய். ஒவ்வொரு தடவை போன் டிங் என்னும்போதும் அவ்வளவு பெருமை.

மொத்தத்தையும் ஒரே தொகையாக அமைப்புக்கு அனுப்பினேன். ரசீது வந்தது, முழுத் தொகைக்கும், என் பெயரில். வேறு எப்படி வரும்? பணம் என் கணக்கிலிருந்துதானே போயிருக்கிறது.

அப்போது நான் வேலை பார்த்த கம்பெனி, ஊழியர் திரட்டும் பணத்துக்குச் சமமாக 1 லட்சம் வரை தானும் போடுவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, கொடுத்தவர்கள் பெயரில் ரசீது வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்த மராட்டிக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ரசீத் மே தோ ஏக் ஹி நாம் ஹை” என்றார். ஒரே பெயர்தான், என் பெயர். அவர் மேல் தப்பே இல்லை. அந்த 1 லட்சம் போனது போனதுதான். எனக்கு நஷ்டம் ஒரு பைசா இல்லை, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். என்னால் இன்றுவரை தாங்க முடியாதது அதுதான்.

அதோடு முடியவில்லை. ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். ரிட்டர்ன் தாக்கல் பண்ணணும், 80ஜி ரசீது அனுப்பும்மா என்றார். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கேட்க அந்த ரசீதுதான் வேண்டும். ஐயாயிரம் கொடுத்தவர். என்ன சொல்வது? அவருக்கும் கழிவு கிடைக்கவில்லை, மற்ற நாற்பது பேருக்கும் இல்லை, அடுத்தவர் பணத்தை என் நன்கொடை என்று நான் காட்டவும் முடியாது. பெரியப்பா திட்டவில்லை. ஆனால் அக்காவின் ஆபீஸ் தோழி ஒருத்தி ரொம்ப மரியாதையாக, “பணம் அங்க போய்ச் சேர்ந்துடுச்சு இல்ல?” என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

ஏனென்றால் நானே பிறகுதான் பாஸ்புக்கைச் சரியாகப் பார்த்தேன். டிசம்பர் 5ஆம் தேதி வீட்டுக் கடன் இஎம்ஐ அதே கணக்கிலிருந்து போயிருந்தது. நான்கு நாள் என் கணக்கில் இருந்த மொத்தப் பணமும் அதுவரை திரட்டியதைவிடக் குறைவு. அதாவது, நான்கு நாள் அந்தப் பிள்ளைகள் பணத்தில் நான் கடன் தவணை கட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இப்போது நிலைமை இன்னும் கறார். 2021-22 முதல் தொண்டு நிறுவனங்கள் கொடுத்தவர் விவரத்தைப் படிவம் 10பிடியில் வருமான வரித் துறைக்குத் தெரிவித்து, 10பிஇ சான்றிதழ் தர வேண்டியதாயிற்று. பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் உங்களுக்குத்தான் சான்றிதழ், உங்கள் பெரியப்பாவுக்கு இல்லை. தவிர, சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வருமானம். உங்கள் கணக்கில் விழுந்தது அன்பளிப்பு இல்லை, வசூல் என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது.

என்ன செய்யலாம் என்றால், அமைப்பின் பக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு வசூல் பக்கம் திறந்து அந்த லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். படிவம் நிரப்பச் சோம்பல்படுகிறவர்களுக்குப் போனில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி சொல்லிக்கொடுங்கள், ஐந்து நிமிஷம்தான். பெரியவர்கள் என்றால் அமைப்பின் பெயருக்கே காசோலை, கூடவே பான் எண்ணும் முகவரியும் எழுதின ஒரு தாள். ரொக்கம் வேண்டாம், 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இந்தக் கழிவு இல்லை, அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிறகு முகம் சுளிப்பார்கள்.

சிங்கப்பூர் சித்தப்பா

அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார் என்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைகளுக்கான 2010ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ சட்டத்தில் பதிவான, அல்லது முன் அனுமதி வாங்கின அமைப்புதான் வாங்கலாம். அதற்கென்றே டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு இருக்கும். “உன் கணக்குக்கு அனுப்பிடறேன், நீ போட்டுடு” என்பார். நான் மேலே இவ்வளவு நேரம் புலம்பியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

யார் எவ்வளவு என்ற பட்டியல்

எல்லோரும் பார்க்கிற ஷீட்டில் முதல் வரியாக இயக்குநர் 25,000 என்று போடுவார்கள், உற்சாகப்படுத்துகிறார்களாம். நாலசோபாராவிலிருந்து தினம் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற பயிற்சிப் பையன் அதற்குக் கீழே 200 என்று எழுத வேண்டும். அவன் எழுதவில்லை, கூச்சப்பட்டுக்கொண்டு 2,000 எழுதினான், அந்த மாசக் கடைசியில் மதியச் சாப்பாட்டுக்கு வடாபாவ். தொகையை மறைக்கும் வசதி எந்த ஷீட்டிலும் இருக்கிறது.

திரட்டிய பணத்தில் டீஷர்ட் அடிப்பது

கூடாது.

ஒர்லி கடற்கரைச் சாலையில் மட்டும் பயிற்சி

காற்று வரும், காட்சி நன்றாக இருக்கும், போட்டோ நன்றாக வரும், சாலை மேஜை மாதிரி சமதளம். அரை மாரத்தான் என்பது 21.097 கிலோமீட்டர். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பாந்த்ரா-ஒர்லி கடல்பாலத்தில் கால் வைக்க முடியும் என்ற குஷியில் எல்லோரும் அங்கே வேகமாக ஓடிவிடுகிறார்கள், ஹாஜி அலி தாண்டியதும் பெடர் ரோடு ஏற்றம் வருகிறது, அங்கே கால் கேட்காது. இரண்டு ஞாயிறாவது மலபார் ஹில் பக்கம் ஏறி இறங்குங்கள்.

பிப்பை (மார்பில் குத்தும் ஓட்ட எண்ணை) நண்பனிடம் கொடுப்பது

உடம்பு சரியில்லை என்றால் ஓடாதீர்கள், நம்பரை அடுத்தவனுக்கும் மாட்டிவிடாதீர்கள். அவன் மயங்கி விழுந்தால் மருத்துவக் கூடாரத்திலிருந்து போன் உங்கள் அம்மாவுக்குப் போகும்.