கிராண்ட் கேன்யன் விளிம்பு நடை: பெற்றோரையும் அழைத்துச் செல்லும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு

கிராண்ட் கேன்யனுக்குப் போய்வந்தவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மாதர் பாயின்ட் என்ற காட்சிமுனையின் கம்பித் தடுப்பு, பின்னால் செம்பாறை, முன்னால் குடும்பம். பிறகு பஸ் ஏறி அடுத்த காட்சிமுனை, அங்கே இன்னொரு படம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 21 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போகிறது. இரண்டு முனைகளுக்கு நடுவில் நடக்கும்போதுதான் ஒளிந்திருந்த ஆறு கண்ணில் படுகிறது, கூட்டத்தின் சத்தம் அடங்குகிறது. முட்டிவலி உள்ள அம்மாவும் மலைப்பாதை பழகாத அத்தையும்கூட இதில் நடக்கலாம். எந்தத் துண்டை நடப்பது, எங்கே பஸ் ஏறுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் போதும்.

விசா, விமான டிக்கெட், வலப்பக்கச் சாலையில் கார் ஓட்டுவது ஆகியவற்றை இங்கே எழுதவில்லை. லாஸ் வேகஸிலிருந்தோ பீனிக்ஸிலிருந்தோ தெற்கு விளிம்புக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம்மவர்கள் பலரும் டிசம்பர் விடுமுறையில்தான் கிளம்புவார்கள். தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கெந்திங்கைவிட உயரம். டிசம்பரில் பாதையில் பனி உறைந்து வழுக்கும். மாலை 5.15 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கு மேல் இருட்டுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் மனதில் பதிவதில்லை. ஜூன் மாதத்தில் அதே இடத்தில் 7.45 வரை வெயில் இருக்கும்.

என் தேர்வு மே மாதம், அல்லது செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரை. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகலில் இடி மின்னல் வரும். இடி கேட்டவுடன் விளிம்பை விட்டு விலகி, பஸ்ஸுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். அந்த மாதங்களில் போகிறவர்கள் காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள்.

கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அரிசோனா மாநிலம் கோடைக்கு நேரத்தை மாற்றுவதில்லை; கிழக்கே உள்ள நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி மாற்றுகிறது. அந்த வழியாக வந்தால் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் முன்னே போய்விடலாம்.

படி 2: நுழைவுக் கட்டணம்

வாகனத்துக்கு 35 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவர்களில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர் என்று அறிவித்திருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர். குடும்பமாகப் போகிறவர்கள் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையப் பக்கத்தைப் பார்த்து, இரண்டையும் ரிங்கிட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், உப்பு, தொப்பி. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

கோலாலம்பூரில் பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வியர்க்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். அங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடுகிறது. அப்பாவின் நீலச் சட்டை தொட்டால் காய்ந்தே இருந்தது. ஆனால் கழுத்துப்பட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்தது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரியவர்களைக் கேட்டால் “வேண்டாம்” என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்பது என் கணக்கு. விடுதிகளும் கடைகளும் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமப் பகுதியில் நிரப்பிக்கொண்டால், மேற்குப் பக்கத்தில் அடுத்த தண்ணீர்க் குழாய் கடைசி நிறுத்தமான ஹெர்மிட்ஸ் ரெஸ்டில்தான்.

உப்புக்கு முறுக்கும் ஓமப்பொடியும் போதும். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய், சுங்கப் படிவத்தில் உணவு என்று குறிப்பிட்டுவிடுங்கள். இறைச்சி சேர்ந்த எதையும் எடுக்காதீர்கள்.

காலணி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்தப் பாதைக்குக் கனமான மலையேற்ற பூட்ஸ் தேவையே இல்லை. புக்கிட் கியாராவில் நடந்து பழகிய, அடிப்பாகம் தேயாத நடைக் காலணிதான் சிறந்தது. புதுக் காலணியை அங்கே முதன்முதலாகப் போடாதீர்கள். வரைபடம் காகிதத்தில் இருக்கட்டும். பார்வையாளர் மையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மேற்குப் பக்கத்தில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது.

படி 4: முதல் நாள், யாவபை முதல் கிராமம் வரை

உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்பதால் முதல் நாள் இதை மட்டும் நடங்கள். யாவபை புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து கிராமத்தில் இருக்கும் வெர்காம்ப்ஸ் கட்டடம் வரை சுமார் இரண்டு கிலோமீட்டர். தார் போட்ட பாதை, சக்கர நாற்காலியும் போகும்.

இந்தத் துண்டுக்குக் காலப் பாதை என்று பெயர். ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் தரையில் உலோக வட்டங்கள் பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறை அடுக்கிலிருந்தும் எடுத்த கல்லை அதனதன் வயதுக்கு நேராக வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். விளிம்பில் நம் காலடியில் இருக்கும் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது 27 கோடி ஆண்டு. அதை அடையவே 270 மீட்டர் நடக்க வேண்டும். மிகப் பழைய கல் 184 கோடி ஆண்டுக்கு அருகில் நிற்கிறது. இந்தக் கணக்கில் எழுபது ஆண்டு வாழ்க்கை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அப்பா அந்தக் கல்லின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அவசரப்படுத்தாதீர்கள்.

பள்ளத்தாக்குக்குள் கோபுரம் போல எழுந்து நிற்கும் பாறை முகடுகளுக்குப் பிரம்மா கோயில், விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றே வரைபடத்தில் பெயர். எல்லாம் இயற்கைப் பாறைகள்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஆய்வு செய்த புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன் இத்தகைய பெயர்களைத் தொடங்கிவைத்தார். பெரியவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். நடையில் தனி உற்சாகம் வந்துவிடும்.

படி 5: சிவப்பு வழித்தட பஸ் (இதை இரண்டு முறை படியுங்கள்)

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கிராமத்திலிருந்து மேற்கே ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரை விளிம்பை ஒட்டிப் போவது ஹெர்மிட் சாலை. மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை அதில் சொந்தக் கார் போக முடியாது. சிவப்பு வழித்தட இலவச பஸ்தான். மேற்கே போகும்போது அது எல்லா முனைகளிலும் நிற்கும்: டிரெயில்வியூ, மரிகோப்பா, பவல், ஹோப்பி, மொஹாவி, அபிஸ், மான்யுமென்ட் கிரீக், பீமா, கடைசியாக ஹெர்மிட்ஸ் ரெஸ்ட். திரும்பும்போது பீமா, மொஹாவி, பவல் ஆகிய மூன்றில் மட்டுமே நிற்கும்.

போன பஸ் அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பது நம் பழக்கம். அதனால் களைத்துப்போன ஒருவரை “நீங்கள் இங்கேயே உட்காருங்கள், திரும்பி வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்” என்று அபிஸில் உட்கார வைத்துவிடுவோம். அந்த பஸ் நிற்காமல் போய்விடும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம்: மேற்கே போகும் அடுத்த பஸ்ஸில் ஏறி, ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரை போய், அங்கிருந்து திரும்புங்கள். முழுச் சுற்று சுமார் 80 நிமிடம்.

எனவே திட்டத்தை எப்போதும் பின்னாலிருந்து போடுங்கள். நடை முடியும் இடம் பவல், மொஹாவி, பீமா, ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். மாலைக் காட்சிக்கு எல்லோரும் ஹோப்பிக்குப் போவார்கள். நான் மொஹாவியைச் சொல்வேன். கீழே கொலராடோ ஆறு தெரியும். திரும்பும் பஸ்ஸும் அங்கேயே வரும். கடைசி பஸ் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் காலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எந்தத் துண்டை நடப்பது

கிராமத்திலிருந்து டிரெயில்வியூ வரை ஏற்றம் மூச்சு வாங்கும். பெரியவர்களோடு போனால் அதை பஸ்ஸில் கடந்துவிடுங்கள்.

பவலில் இறங்கி ஹோப்பி அரை கிலோமீட்டர், அங்கிருந்து மொஹாவி 1.3 கிலோமீட்டர். பவலுக்குப் பிறகு தார் முடிந்து மண்பாதை ஆகிறது. சில இடங்களில் குறுகலானது. காட்சிமுனைகளில் பெரும்பாலும் தடுப்பு உண்டு, நடுவில் பல இடங்களில் இல்லை. குழந்தைகளைச் சாலைப் பக்கமாக நடக்க விடுங்கள். படம் எடுக்கும்போது யாரும் பின்பக்கமாக அடி எடுத்து வைக்கக் கூடாது. இதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

அம்மாவுக்கு நான் தேர்ந்தெடுத்தது மான்யுமென்ட் கிரீக்கிலிருந்து பீமா வரை, 2.7 கிலோமீட்டர். அகலமான தார்ப்பாதை, ஏற்ற இறக்கம் குறைவு, கூட்டமும் குறைவு. அமைதியான நாளில் பீமா முனையில் பேசாமல் நின்றால், கீழே ஆறு பாறைகளில் மோதும் சத்தம் மேலே வரை கேட்கும். கால் ஒத்துழைத்தால் இன்னும் 1.8 கிலோமீட்டரில் ஹெர்மிட்ஸ் ரெஸ்ட். 1914இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கற்கட்டடம். உள்ளே பிரம்மாண்டமான கணப்பு, வெளியே சிற்றுண்டிக் கடை. நடக்காதவர்கள் பஸ்ஸில் நேராக இங்கே வந்து சூடாக ஏதாவது குடித்துக்கொண்டிருக்கலாம்.

அணில்களுக்கு ஓமப்பொடி போடாதீர்கள். பத்துமலைக் குரங்குகளைப் போலவே மனிதரிடம் பயமற்றவை, கடித்துவிடும்.

பின்சேர்க்கை

கிள்ளானிலிருந்து ஒருவர் டிசம்பரைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதியிருந்தார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிவப்பு பஸ் ஓடாது. அதற்குப் பதிலாக ஹெர்மிட் சாலையில் சொந்தக் காரில் போகலாம். ஒருவர் காரை அடுத்த முனையில் நிறுத்திக் காத்திருக்க, மற்றவர்கள் நடந்து போய்ச் சேரலாம். பிறகு ஓட்டுநர் மாறிக்கொள்ளுங்கள். காலணியில் மாட்டும் பனி முள்பட்டை கட்டாயம் வேண்டும்.

சக்கர நாற்காலி பற்றியும் கேட்டிருக்கிறார்கள். பஸ்களில் ஏற்றலாம், சுமார் 76 சென்டிமீட்டர் அகலம், 122 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். பஸ் ஏறுவதே சிரமம் என்றால், நுழைவாயிலிலோ பார்வையாளர் மையத்திலோ மாற்றுத்திறனாளிகளுக்கான சாலை அனுமதி அட்டையைக் கேளுங்கள். கட்டணம் கிடையாது. அதைக் காரின் முன்கண்ணாடியில் வைத்துவிட்டால், பஸ் ஓடும் மாதங்களிலும் ஹெர்மிட் சாலையில் உங்கள் காரிலேயே போகலாம்.