கால் முறிந்தவரைப் பார்த்துக்கொள்ள வீட்டாரைப் பழக்குவது எப்படி?

வீட்டில் நாலு பேர் இருந்தாலும் கால் முறிந்தவரின் வேலை கடைசியில் ஒருவர் தலையில்தான் விழும். மற்றவர்களுக்கு மனமில்லாமல் இல்லை. எங்கே தொட்டால் வலிக்குமோ என்ற பயம். ஒரு மணி நேரம் பழகினால் அது பெரும்பாலும் போய்விடும்.

1. முதலில் ஒரு கேள்வி

அடிபட்ட காலை ஊன்றலாமா? அறவே கூடாதா, விரல்நுனி மட்டும் தரையில் படலாமா, பாதி எடை தரலாமா? டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள்.

2. நீங்களே நோயாளியாக நடியுங்கள்

ஒவ்வொருவரும் ஒரு காலை மடக்கிக்கொண்டு வாக்கரோடு கட்டிலிலிருந்து கழிவறை வரை போய் வரட்டும், பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க. சுருண்ட மிதியடியும் குறுக்கே கிடக்கும் ஒயரும் அப்போதுதான் கண்ணில் படும்.

3. எழுப்புவது

அதிகம் பழக வேண்டியது இதுதான். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். நாற்காலியை நல்ல கால் பக்கமாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக்கைப் பூட்டுங்கள். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து ஓரிரு நிமிடம் உட்காரட்டும், தலைசுற்றல் அடங்கும். பிறகு நல்ல காலை ஊன்றி, மெத்தையைக் கையால் அழுத்தி அவரே எழட்டும். வாக்கரைப் பிடித்து எழுந்தால் அது கவிழும். அடிபட்ட பக்கம் நின்று இடுப்பில் கைகொடுப்பதே உங்கள் வேலை. 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணுவது அவர். நாம் எண்ணினால் அவர் தயாராகும் முன் தூக்கிவிடுவோம்.

விழப்போனால் தாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். உடம்போடு சேர்த்துப் பிடித்து மெதுவாகத் தரையில் இறக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். துணைக்கு வருபவர் எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில். ஊன்றுகோலில் எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குளுக்கும் கோலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.

4. கட்டும் கால்விரலும்

முதல் இரண்டு மூன்று நாள் காலைத் தலையணை மேல் நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். கட்டு நனையக் கூடாது. அரித்தால் உள்ளே குச்சி விடக் கூடாது; தோல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே சீழ் பிடிக்கும்.

விரல்களைத் தினம் பலமுறை பாருங்கள்: நிறம், சூடு, அசைவு, தொடு உணர்வு. மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ, விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும் அப்படித்தான், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

5. 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள்

எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'செய்து காட்டு' என்று சொல்லுங்கள். கால்சட்டை மாட்டும்போது அடிபட்ட கால் முதலில், கழற்றும்போது கடைசியில் என்ற சின்ன விஷயம்கூடக் கை செய்தால்தான் படியும்.

நலம் விசாரிக்க வரும் நண்பருக்கும் ஒரு வேலை கொடுங்கள். இரண்டு மணி நேரம் அவர் பொறுப்பு: விரலைப் பார்ப்பது, தண்ணீர் தருவது, கழிவறைக்குத் துணை போவது. அந்நேரம் நீங்கள் தூங்கப் போங்கள்.