சிகிச்சை நெறிமுறைக் குழுவில் நோயாளிக்கு எப்போது இடம் தருவது?

ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சை தருவது என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் சிகிச்சை நெறிமுறைகளை உருவாக்கும் குழுக்கள் பல, பரிந்துரைகளை எழுதி முடித்த பிறகே நோயாளிகளிடம் கருத்துக் கேட்கின்றன. அந்தக் கட்டத்தில் அவர்களால் சொற்களைத் திருத்த முடியுமே தவிர, நெறிமுறையின் போக்கை மாற்ற முடியாது. ஆகவே, குழு அமைக்கும்போதே குறைந்தது இரண்டு நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வல்லுநர்கள் நிறைந்த அறையில் தனியொருவர் வாய் திறக்கத் தயங்குவார். மருந்து நிறுவனங்களோடு பணத் தொடர்பு உடையவர்கள் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அடுத்து, யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக என்று கேள்வியை வரையறுங்கள். இவற்றுள் விளைவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பிழை எளிதில் நுழைகிறது. மாரடைப்புக்குப் பின் வரும் சீரற்ற இதயத் துடிப்பை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று மருத்துவர்கள் நம்பியிருந்த காலத்தில், அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்னும் ஆய்வு, துடிப்பை நன்றாகவே அடக்கிய என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு ஆகிய மருந்துகளை உட்கொண்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததை 1989-இல் வெளிப்படுத்தியது. ஈசிஜி தாளில் தெரிந்த முன்னேற்றம் நோயாளிக்கு நன்மையாக அமையவில்லை. முடக்குவாத ஆய்வுகளின் அளவீடுகளை வகுக்கும் ஓமெராக்ட் கூட்டத்துக்கு 2002-இல் நோயாளிகள் முதன்முறையாக அழைக்கப்பட்டபோது, வல்லுநர்களின் அடிப்படைப் பட்டியலில் இல்லாத கடும் சோர்வை அவர்களே முன்வைத்தார்கள்.

எனவே, விளைவுகளின் பட்டியலை நோயாளிகளோடு சேர்ந்து தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுங்கள். சான்றின் உறுதியையும் பரிந்துரையின் வலுவையும் தரம்பிரிக்கும் கிரேடு முறையில் 7-க்கு மேற்பட்டவை மட்டுமல்ல, 7-உம் முடிவைத் தீர்மானிக்கும் விளைவாகவே கொள்ளப்படும். அதன் பிறகே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடத் தொடங்க வேண்டும்.

சான்றின் உறுதியைக் கட்டுரைவாரியாக அல்லாமல் விளைவுவாரியாக மதிப்பிடுங்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வுகள் உயர்ந்த நிலையில் தொடங்கினாலும், ஆய்வு நடந்த விதத்தில் குறை, முடிவுகளுக்கிடையே முரண், நம் நோயாளிகளுக்குப் பொருந்தாமை, துல்லியமின்மை, வெளியிடப்படாத ஆய்வுகள் பற்றிய ஐயம் ஆகியவற்றால் அந்த நிலை இறங்கக்கூடும்.

சிகிச்சையின் தீங்கைவிட நன்மை தெளிவாக மிகுந்து, நோயாளிகளில் ஏறக்குறைய அனைவரும் அச்சிகிச்சையையே விரும்புவர் என்றால் வலுவான பரிந்துரை எழுதலாம். நோயாளிக்கு நோயாளி விருப்பம் மாறுபடும் இடத்தில் நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையே பொருத்தம். அதை எழுதும்போது, நூறு பேர் இச்சிகிச்சையை எடுத்தால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீங்கு என்பதை, மருத்துவர் எதிரில் இருப்பவருக்கு அப்படியே வாசித்துக் காட்டக்கூடிய எளிய தமிழில் அதன் கீழேயே கொடுத்துவிடுங்கள்.