ரயில் டிக்கெட் முன்பதிவு: எங்கே சிக்குகிறது, எப்படி வெளியே வருவது?

காலை பத்தே முக்காலுக்கு என் போன் அடித்தால், திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், கோவில்பட்டி சித்தப்பா. "எய்யா, உள்ளயே விட மாட்டேங்கு. பாஸ்வேர்டு தப்புங்கு" என்பார். ஸ்லீப்பர் தட்கல், அதாவது கடைசி நேர அவசர முன்பதிவு, திறக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கும். மறந்த பாஸ்வேர்டை மீட்டு, ஓடிபி வாங்கி, நாலு பேர் பெயரையும் வயதையும் அடித்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் எழுபதைத் தாண்டியிருக்கும்.

இப்படிப் பல காலைகள் போன பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் நாம் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பாதிக்கு மேல் முந்தைய நாள் ராத்திரியே சரிசெய்திருக்கக் கூடியவை. மீதி பெரும்பாலும் பணம் கட்டும் இடத்தில், நம் பதற்றத்தில் வருபவை. சித்தப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

படி 1: முந்தைய நாளே லாகின் செய்து பாருங்கள்

மொபைலில் ரயில் கனெக்ட் ஆப், 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப், கணினியில் ஐஆர்சிடிசி இணையதளம், எதில் எடுத்தாலும் சரி. முதல் நாளே ஒருமுறை உள்ளே போய் வந்துவிடுங்கள். பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தி, நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். கணக்கே முடங்கியிருப்பதும் அப்போதே தெரிந்துவிடும். சந்தேகத்துக்குரியவை என்று 2025-இல் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கினார்கள். அதனால், எப்போதோ தொடங்கி வருடக்கணக்கில் திறக்காத கணக்கை நம்பித் தட்கலுக்கு இறங்காதீர்கள்.

ஒரு விஷயம். ராத்திரி 11.45 முதல் 12.20 வரை தினமும் பராமரிப்புக்காக முன்பதிவை நிறுத்திவைப்பார்கள். அந்த நேரத்தில் முயன்றுவிட்டு "கணக்கு போச்சு" என்று பயப்பட வேண்டாம்.

ஒரே கணக்கில் கணினியிலும் போனிலும் ஒருசேர இருக்கவும் முடியாது. வீட்டில் ஒருவர் போனில் நுழைந்தால், கணினியில் இருப்பவர் வெளியே தள்ளப்படுவார். "நீ அதுல பாரு, நான் இதுல பாக்கேன்" என்ற யோசனை வேலைக்காகாது. ஆளுக்கொரு கணக்கு இருந்தால் மட்டும் செய்யலாம்.

படி 2: ஆதார். நம்மூர் இனிஷியல் மாட்டும் இடம் இதுதான்

2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். அதே மாதம் 15-ஆம் தேதியிலிருந்து, எடுக்கும்போது ஆதார் ஓடிபியும் கேட்கிறது. அக்டோபர் முதல் சாதாரண முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் ஆதார் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆக, இதை முடிக்காமல் பண்டிகை டிக்கெட்டுக்கு ஆசைப்படுவதில் பலன் இல்லை.

செய்வது எளிது. 'மை அக்கவுன்ட்' பகுதிக்குள் 'ஆதென்டிகேட் யூசர்' என்று இருக்கும். ஆதார் எண்ணைப் போட்டு, ஓடிபி அடித்தால் முடிந்தது. முடியாவிட்டால் காரணம் அநேகமாகப் பெயர். ஆதாரில் 'முருகன் எஸ்' என்றிருக்கும், கணக்கில் 'எஸ் முருகன்' என்றோ, இனிஷியலை விரித்து அப்பா பெயருடனோ போட்டு வைத்திருப்போம். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும். ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்கில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அதன்படி மாற்றிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

சித்தப்பா விஷயத்தில் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஓடிபி மட்டும் வரவே இல்லை. விசாரித்தால், ஆதாரில் பதிந்த நம்பர் உள்ள சிம் கார்டு திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. அன்றைக்கு மகனுக்குப் போன் போட்டு, ஓடிபியைக் கேட்டு அடித்து ஒப்பேற்றினோம். தட்கலில் அந்த விளையாட்டுக்கெல்லாம் நேரம் கிடையாது. ஆதார் மையத்துக்குப் போய் உங்கள் கையில் இருக்கும் நம்பரைப் பதிந்துவிடுங்கள்.

ஆதார் இணைப்பதில் உபரி லாபம் ஒன்று உண்டு. இணைக்காத கணக்கில் மாதத்துக்கு 12 டிக்கெட்தான், இணைத்தால் 24.

படி 3: தேதியை எண்ணுவதில் தப்பு நடக்கிறது

2024 நவம்பர் 1 முதல், முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். பொங்கலுக்கு ஜனவரி 13-ஆம் தேதி ஊரில் இருக்க 12-ஆம் தேதி ராத்திரி ரயில் ஏற வேண்டுமென்றால், நவம்பர் 13 காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

தட்கல் ஒரு நாள் முன்பு திறக்கும். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பர் போன்ற ஏசி இல்லாதவற்றுக்கு 11 மணி. ஆனால் 'ஒரு நாள் முன்பு' என்பது நீங்கள் ஏறும் நாளை வைத்து அல்ல, ரயில் புறப்படும் ஊரில் கிளம்பும் நாளை வைத்து. ராத்திரி ரயில்களில் இது நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. திருநெல்வேலியில் ராத்திரி கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் திருச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். நீங்கள் திருச்சியில் 14-ஆம் தேதி அதிகாலை ஏறினாலும் ரயில் கிளம்பியது 13-ஆம் தேதி. அப்படியென்றால் தட்கல் 12-ஆம் தேதியே திறந்துவிடும். 13-ஆம் தேதி காலையில் உட்கார்ந்தால் மிச்சம்மீதிதான் கிடைக்கும்.

நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள். சென்னை என்று தேடினால் சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம், பெரம்பூர் எல்லாம் கலந்தே வரும். அவசரத்தில் தாம்பரம் ரயிலைப் பதிந்துவிட்டு எழும்பூரில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

படி 4: பயணிகள் பட்டியலை முன்பே ஏற்றிவைத்தல்

'மாஸ்டர் லிஸ்ட்' என்ற பகுதியில் வீட்டார் பெயர், வயது எல்லாம் முன்பே சேமித்துக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். சாதாரண டிக்கெட்டில் 6 பேர், தட்கலில் 4 பேர், அதற்கு மேல் ஒரே டிக்கெட்டில் ஏறாது.

அதே பக்கத்தில் கீழே, படுக்கை உறுதியானால் மட்டும் பதிவு செய் என்று ஒரு கட்டம் இருக்கும். வெயிட்டிங் லிஸ்டில் பணத்தைப் போட விருப்பமில்லாதவர்கள் அதில் டிக் செய்துவிடலாம். அப்பா அம்மாவுக்கு லோயர் பெர்த் வேண்டுமென்றால் தேடும்போதே கோட்டாவில் 'லோயர் பெர்த்/சீனியர் சிட்டிசன்' எடுங்கள். ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். 45 வயதுச் சித்தியைச் சீனியர் சிட்டிசன் பட்டியலில் போட்டதற்கு வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன், அது தனிக்கதை.

படி 5: அந்தப் பத்து நிமிடம்

மூன்று நான்கு நிமிடம் முன்னதாக உள்ளே போனால் போதும். ரொம்ப முன்பே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தால் செஷன் முடிந்து வெளியே தள்ளிவிடும். உங்கள் போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். இணையதளத்தின் மேல்பகுதியில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். பின்னால் போகும் அம்பையும் ரீஃப்ரெஷையும் தொடவே கூடாது, தொட்டால் முதலிலிருந்து ஆரம்பம். கேப்சாவில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து அடிக்க வேண்டும். படம் புரியவில்லையென்றால் பக்கத்தில் உள்ள வளைந்த அம்பை அழுத்திப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊகித்து அடிப்பதைவிட அது வேகம்.

ஏஜென்ட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிவிடுகிறார்கள் என்ற புலம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்டுகள் எடுக்கக் கூடாது என்பது 2025 ஜூலையிலிருந்து விதி.

படி 6: பணம் போய்விட்டது, டிக்கெட்டைக் காணோம்

இதற்குத்தான் நிறுத்தி நிதானமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பொங்கலுக்கு நாலு பேருக்கு ஸ்லீப்பர் எடுத்தேன். யுபிஐ-யில் பணம் போனதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல், இன்னொரு தடவை எடுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டு டிக்கெட்டும் வந்திருந்தன. ஒன்றை ரத்து செய்தபோது ஆளுக்கு 120 ரூபாய் வீதம் 480 ரூபாய் போனது. தப்பு முழுக்க என்னுடையது.

எனவே, வட்டம் சுற்றினால் செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் 'மை டிரான்சாக்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'புக்டு டிக்கெட் ஹிஸ்டரி' பாருங்கள். அங்கே பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணோடு உங்கள் பயணம் இருந்தால், எஸ்எம்எஸ் வராவிட்டாலும் டிக்கெட் உங்களுடையது.

அங்கே இல்லையென்றால் 'ஃபெயில்டு டிரான்சாக்ஷன் ஹிஸ்டரி'. அதில் இருந்தால் டிக்கெட் பதிவாகவில்லை, பணம் திரும்பும் என்று அர்த்தம். இப்போது தைரியமாக மறுபடி எடுக்கலாம். டிரான்சாக்ஷன் எண்ணை மட்டும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் இல்லை, ஆனால் வங்கி எஸ்எம்எஸ் வந்திருக்கிறது என்றால், பணம் வங்கிக்கும் தளத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. தானாகவே திரும்பிவிடும். வியாபாரிக்கு உறுதியாகப் போய்ச் சேராத யுபிஐ பணத்தை ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கெடு முடிந்தும் வரவில்லையென்றால் முதலில் வங்கியிடம் இந்த விதியைச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள்.

"எய்யா, கூகிள்ல ஒரு நம்பர் கெடைச்சுது, அதுல பேசவா?" என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். பேசவே கூடாது என்றேன். பணம் போன பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிக்கவே போலி கஸ்டமர் கேர் எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ரயில்வே எண் 139. ஐஆர்சிடிசி எண்ணை அவர்களுடைய தளத்திலிருந்தோ ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னாலோ, யுபிஐ பின் கேட்டாலோ போனை வைத்துவிடுங்கள். எக்ஸ் தளத்தில் பிஎன்ஆர், போன் நம்பர் எல்லாம் போட்டுப் புகார் எழுதுவதும் அதே கும்பலைக் கூப்பிடும்.

படி 7: வெயிட்டிங் லிஸ்டைப் படிப்பது

'ஜிஎன்டபிள்யூஎல் 34/டபிள்யூஎல் 11' என்று இருந்தால், முதல் எண் இதுவரை கொடுத்த வரிசை, இரண்டாவது எண் இப்போதைய நிலை. 23 பேர் கழிந்திருக்கிறார்கள். ஜிஎன் என்று தொடங்குவது ரயில் கிளம்பும் ஊர்ப் பட்டியல், உறுதியாகும் வாய்ப்பு அதிகம். ஆர்எல், பிக்யூ என்று தொடங்குபவை நடுவழி ஊர்களுக்கான சின்ன ஒதுக்கீடு, மெதுவாகத்தான் நகரும். தட்கல் வெயிட்டிங்கை நான் நம்புவதே இல்லை, அதில் ஒரு படுக்கையை இருவர் உட்கார்ந்து பகிரும் ஆர்ஏசி-யும் கிடையாது. 'ரிக்ரெட்' என்று வந்தால் வெயிட்டிங் லிஸ்டும் நிரம்பிவிட்டது.

கோவில்பட்டியில் ஏறுபவருக்கு இடம் காட்டாதபோது, திருநெல்வேலியிலிருந்து டிக்கெட் போட்டு, போர்டிங் பாயின்ட்டை, அதாவது ஏறும் இடத்தை, கோவில்பட்டி என்று வைத்துப் பாருங்கள். சில ரூபாய் கூடுதலாகும், ஆனால் பெரிய ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் பல வருடமாக நடக்கும் வழி இது.

சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், போட்ட பிறகும் எல்லாருமே வெயிட்டிங்கில் இருந்தால், ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகி, சிறு பிடித்தத்துடன் பணம் திரும்பும். நீங்கள் எதையும் அழுத்த வேண்டாம். அந்த டிக்கெட்டோடு ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான்.

உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால் ஒரு பைசா வராது. விதிவிலக்கு, ரயில் நீங்கள் ஏறும் ஊரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகாமல் விட்டால் முழுப் பணமும் கேட்கலாம். அதற்கு ரத்து பொத்தானை அழுத்தக் கூடாது, பணத்தைத் திரும்பக் கேட்கும் 'டிடிஆர்' மனுவைத் தளத்தில் பதிய வேண்டும். அதுவும் அந்த ரயில் உங்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பு. வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று திரும்பாமல், பிளாட்பாரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து பதிந்துவிடுங்கள்.