பணியிடம் முதலில், பாடத்திட்டம் பிறகு: ஆப்பிரிக்க நாடுகளில் பொதுச் சுகாதாரப் பணியாளர் அணியை உருவாக்கும் முறை

உலக நோய்ச் சுமையில் 24 சதவீதத்தைச் சுமக்கும் ஆப்பிரிக்க மண்டலத்தில் உலகச் சுகாதாரப் பணியாளர்களில் 3 சதவீதத்தினரே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. இந்த எண்ணைப் பார்த்ததும் பயிற்சி நிறுவனங்களைப் பெருக்க வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அதே மண்டலத்தின் பல நாடுகளில், படித்துப் பட்டயம் பெற்ற செவிலியர்களும் மருத்துவ அலுவலர்களும் வேலையின்றிக் காத்திருக்க, கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் ஆளின்றிக் கிடக்கின்றன. பயிற்சி அளிப்பது சுகாதார அமைச்சகம் அல்லது கல்வி அமைச்சகம்; சம்பளத்துக்கு ஒப்புதல் தருவது நிதி அமைச்சகம். இவர்கள் ஒரே மேசையில் உட்காராத நாட்டில் எத்தனை வகுப்பறை கட்டினாலும் பயனில்லை. எனவே ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, நிரப்பப்படாதவற்றுக்கு நிதி ஒதுக்கீடு உண்டா என்ற மூன்றையும் மாவட்டவாரியாகத் திரட்டுவதே முதல் வேலை.

அடுத்து, எத்தனை பேர் தேவை என்பதை மக்கள்தொகை விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வேலைச்சுமையை வைத்துக் கணக்கிட வேண்டும். உகாண்டாவும் நமீபியாவும் பயன்படுத்திய அந்த முறை பார்ப்பதற்குச் சிக்கலாகத் தெரிந்தாலும் பள்ளிக் கணக்குதான். ஒரு கற்பனைச் சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 நாள் வேலை எனில் ஆண்டுக்கு 260 நாள். விடுப்பு, பொது விடுமுறை, உடல்நலக் குறைவு, பயிற்சி ஆகியவற்றுக்கு 50 நாளைக் கழித்தால் 210 நாள். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் 1,680 மணி நேரம். கர்ப்பிணி ஒருவரைப் பரிசோதிக்க 20 நிமிடம் ஆகுமென்றால், செவிலியர் ஒருவர் ஆண்டில் 5,040 பரிசோதனைகளைச் செய்யலாம். பதிவேட்டில் 12,000 வருகைகள் இருந்தால் தேவை 2.4 பேர். பதிவேடு எழுதுவதும் கூட்டங்களும் நேரத்தில் கால் பங்கை விழுங்கும் என்பதால் அதை 0.75ஆல் வகுத்தால் 3.2 பேர். அங்கே இருப்பவர் ஒருவர் என்றால், தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்படி ஒரு நிலையத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்குக்கு நிதி அமைச்சக அதிகாரிகளிடம் இருக்கும் மதிப்பு, சர்வதேச விகிதாசாரங்களுக்கு இருப்பதில்லை.

தேவை தெரிந்தபின், எந்தத் தகுதியுள்ளவர்களைக் கொண்டு அதை நிரப்புவது என்ற கேள்வி வருகிறது. மருத்துவர்களையே நம்பியிருந்தால் கிராமத்துக்கு எவரும் போய்ச் சேரமாட்டார்கள். மொசாம்பிக் 1984இல் மருத்துவப் பட்டம் இல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சையில் 3 ஆண்டுப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. பயிற்சி முடிந்து 7 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள், அதே காலத்தில் அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவரும் இல்லை. எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டம் இன்னும் கீழே இறங்கியது. 10ஆம் வகுப்பு முடித்த பெண்களை அந்தந்த ஊர்ப்பகுதியிலிருந்தே தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய ஓராண்டு பயிற்சி தந்து, அடிமட்ட நிர்வாக அலகுக்கு இருவர் வீதம் அமர்த்தியது. சில ஆண்டுகளில் அவர்கள் 30,000 பேரைத் தாண்டினார்கள். அவர்கள் தன்னார்வலர்கள் அல்லர், அரசுச் சம்பளம் பெறுபவர்கள். சமூக சுகாதாரப் பணியைச் சேவை மனப்பான்மையின் பேரில் இலவசமாக வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் பெரும்பாலும் பெண்களின் உழைப்பைச் சுரண்டுவதாகவே முடிகின்றன என்பது என் கருத்து. திட்டம் வகுப்பவர் சம்பளச் செலவை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நோய்க் கண்காணிப்புக்கான பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்டம் முழுவதும் நன்றாகச் சோதிக்கப்பட்ட வடிவம் இதில்தான் இருக்கிறது. ஜிம்பாப்வே, உகாண்டா, கானா ஆகியவை 1990களில் ‘சுவரற்ற பொதுச் சுகாதாரப் பள்ளி’ என்ற பெயரில், மாணவரைப் பெரும்பகுதி நேரம் மாவட்டத்திலேயே வைத்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்புகளைத் தொடங்கின. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2005இல் உகாண்டாவின் கம்பாலாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஆப்பிரிக்கக் களத் தொற்றியல் வலையமைப்பு உருவாயிற்று. நோய் எங்கே, எப்படிப் பரவுகிறது என்பதை நேரில் போய் ஆராய்வதே களத் தொற்றியல். களத் தொற்றியல் பயிற்சி இன்று மூன்று படிகளாக நடக்கிறது: மாவட்ட அலுவலர்களுக்கு ஏறக்குறைய 3 மாதம், இடைநிலை அலுவலர்களுக்கு 9 மாதம் முதல் ஓராண்டு, தேசிய அளவில் வழிநடத்தப் போகிறவர்களுக்கு 2 ஆண்டு. புதிதாகத் தொடங்கும் நாடு முதல் படியிலிருந்து தொடங்குவதே நல்லது. நோய் முதலில் தலைகாட்டுவது மாவட்டத்தில், தலைநகரில் அன்று.

முதல் படிப் பயிற்சியில் வகுப்பு சில நாள்தான். மீதிக் காலம் முழுவதும் பயில்பவர் தன் சொந்த அலுவலகத்தில் தன் பதிவேடுகளோடு வேலை செய்கிறார். இது எப்படிப் பலன் தருகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். வயிற்றுப்போக்கு பரவும் ஒரு மாவட்டத்தில் நோயாளிப் பட்டியலை எழுதச் சொன்னால், பெரும்பாலோர் நோயாளி மருத்துவமனைக்கு வந்த தேதியைத்தான் எழுதுவார்கள், ஏனெனில் பதிவேட்டில் அந்த ஒரு கட்டம்தான் இருக்கும். அதை வைத்து வரைந்த படத்தில் சந்தை கூடும் நாளெல்லாம் நோய் உச்சத்தைத் தொடுவதுபோல் தெரியும்; உண்மையில் அன்றுதான் வண்டி கிடைக்கிறது, அதனால் அன்று வருகிறார்கள். நோய் தொடங்கிய தேதி, மருத்துவமனைக்கு வந்த தேதி, தகவல் மாவட்டத்தை அடைந்த தேதி என மூன்று பத்திகளைப் பிரித்து, வீடுகளுக்குப் போய்க் கேட்டு நிரப்பி, படத்தை மறுபடி வரையும்போது அந்த உச்சங்கள் கரைந்து, ஒரே கிணற்றைச் சுற்றிய ஒரே வாரம் தெரிய வரலாம். இந்தத் திருத்தத்தைத் தன் கையால் செய்தவர் பிறகு எந்தப் பதிவேட்டையும் பழைய கண்ணால் பார்ப்பதில்லை. தலைநகர விடுதியின் கூட்ட அரங்கில், தினப்படி வாங்கிக்கொண்டு ஐந்து நாள் திரையைப் பார்த்தவருக்கு இது வாய்ப்பதில்லை.

அப்படிப் பழகியவர்கள் ஆயத்தமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நைஜீரியா காட்டியது. 2014 ஜூலை 20ஆம் தேதி எபோலா தொற்றிய பயணி ஒருவர் லாகோஸில் வந்திறங்கினார். போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இயங்கிவந்த அவசரகாலச் செயல் மையத்தின் ஆட்களும், களத் தொற்றியல் பயிற்சி பெற்றவர்களும் உடனே இறக்கப்பட்டார்கள். தொடர்பில் இருந்த ஏறக்குறைய 900 பேரைத் தேடிப்பிடித்து, ஏறக்குறைய 18,500 முறை நேரில் போய்ப் பார்த்தார்கள். 20 பேருக்கு நோய் கண்டு, 8 பேர் இறந்தபின், அக்டோபர் 20ஆம் தேதி நாடு எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கினி, லைபீரியா, சியரா லியோனில் அதே பெருந்தொற்று 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆகவே பயிற்சி முடித்தவர்களின் பட்டியலைத் தொலைபேசி எண், தற்போதைய பணியிடம் ஆகியவற்றோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைக்க வேண்டும்.

பயிற்சி பெற்றவர்களைப் பணியில் தக்கவைப்பதற்குச் சம்பளமே முதல் மருந்து. மலாவி 2004இல் தொடங்கிய அவசர மனிதவளத் திட்டத்தில், முன்னுரிமைப் பணிகளில் இருந்தவர்களுக்கு 52 சதவீதம் கூடுதல் சம்பளம் வழங்கியது. அதில் கொடையாளர் பணம் கணிசமாக இருந்தது. இப்படிச் செய்யும் நாடு, கொடை நின்றபின் அந்தச் செலவை எந்த ஆண்டில், எத்தனை பங்காக அரசு ஏற்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வெளிநாடுகள் சுகாதாரப் பணியாளர்களை ஆளெடுப்பது பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு உலகளாவிய நடைமுறை விதிகள் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பயிற்றுநர்களைப் பற்றி ஒன்று. நான்கைந்து பேருக்கு ஒரு வழிகாட்டி வீதம், மாதம் ஒருமுறையாவது களத்துக்குப் போய்வரும் அளவுக்கு அவருக்கு வண்டியும் எரிபொருளும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். பாடங்களை அந்நாட்டு அலுவல் மொழியிலேயே முதலில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைப் பிரெஞ்சு, போர்த்துகீசியம் வழங்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தால் படிவங்களும் உதாரணங்களும் பொருந்தாமல் போகும்.

பயிற்சி பலித்ததா என்பதைத் தேர்வு மதிப்பெண் சொல்லாது. தொற்று தோன்றி 7 நாளுக்குள் கண்டறிதல், கண்டறிந்த 1 நாளுக்குள் மேலிடத்துக்குத் தெரிவித்தல், அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடித்தல் என்ற 7-1-7 அளவுகோலை ஒவ்வொரு நோய்ப்பரவலுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்த மாவட்டத்தில் எந்தக் கட்டம் தவறியது, தவறக் காரணம் ஆளில்லாமையா, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வண்டி இல்லாமையா, தெரிந்தும் சொல்ல அஞ்சியதா என்று எழுதிவைத்து, அடுத்த அணியின் முதல் பயிலரங்கில் அந்த மாவட்டத்தின் பதிவேட்டையே பாடமாக எடுத்து வைக்க வேண்டும்.